எழுபத்திரண்டு டிகிரி

அரிசிப் பாக்கெட்டில் ஒரு கிலோ என்று அச்சடித்திருந்தால் அதை வீட்டுத் தராசில் போட்டுப் பார்க்கிற ரகம் நான். தொள்ளாயிரத்து எழுபது கிராம் என்று காட்டினால் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போடுவேன். என் கணவர் இதை வியாதி என்கிறார். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இதற்குத் தொழில் என்று பெயர்.

கம்ப்யூட்டரில் படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டைச் சோதிப்பது என் தொழில். அட்டைப்பெட்டியின் மேல் என்ன போட்டிருக்கிறதோ அது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாடியில் பத்துக்குப் பத்து அறை, இரண்டு மேசை, வாசலில் ‘சுந்தரி டெஸ்டிங்’ என்று ஒரு போர்டு. முன்பெல்லாம் வருகிறவர்கள் கேம் விளையாடுகிற பையன்கள்தான். கார்டு போலி என்றால் விளையாட்டு நடுவில் நின்றுபோகும். அம்மாவிடம் திட்டு வாங்குவார்கள். அதோடு சரி.

கண்பெட்டி வந்த பிறகு அதோடு சரி என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. பார்வை நரம்பு செத்துப்போனவர்களுக்கான சாதனம் அது. மூக்குக் கண்ணாடியில் இரண்டு கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு கார்டு. கேமரா பிடிப்பதை எல்லாம் அந்தக் கார்டுதான் படமாக வரைந்து, பின்மண்டைக்குள் வைத்திருக்கும் சில்லுக்கு அனுப்புகிறது. கார்டு வரைவதுதான் அவர்களுக்கு உலகம். முப்பத்திரண்டு ஜிபி நினைவகம் உள்ள கார்டு வைத்திருப்பவர் வண்டியும் ஓட்டலாம் என்று சட்டம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டைச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் எங்கள் தெருவில் பதினான்கு பேருக்கு உண்டு. அதில் நான் ஒருத்தி. கறாரான ஒருத்தி என்று எனக்கு நல்ல பெயர்.

அன்று காலை பதினொரு மணிக்கு மாசிலாமணி வந்தார். அயனாவரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. கண்ணில் அழுத்தம் கூடிக் கூடிப் பார்வை போய், நாலு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கண்பெட்டி போட்டுக்கொண்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தவர்.

“மூணு இருபதுக்கு ஸ்கூல் பெல்லு மேடம். பத்தொம்போது பசங்க. சர்ட்டிபிகேட் இன்னியோட முடியுது. புதுசு இல்லாம வண்டிய எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கோ” என்றார்.

“ரெண்டு மணி நேரம் ஆகும் அண்ணே. உட்காருங்க.”

உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. “பாஸ் ஆயிடும்ல மேடம்?” என்றார். நான் பெட்டியைத் திறப்பதற்குள் இன்னொரு தடவை கேட்டார். நிச்சயம் பாஸாகும் என்று நினைக்கிறவர்கள் இரண்டு தடவை கேட்பதில்லை. எனக்குள் அப்போதே ஏதோ அரிக்க ஆரம்பித்துவிட்டது.

கார்டைக் கழற்றினால் அவருக்கு இருட்டு. அதற்காகவே ஓர் இரவல் கார்டு வைத்திருக்கிறேன். பழைய எட்டு ஜிபி. எட்டு என்றால் எட்டுதான், பொய் பேசாது. இடம் போதாத பகுதியை வரையாமல் சாம்பல் நிறமாக விட்டுவிடும். அதைப் பெட்டியில் மாட்டினேன்.

“இன்னா மேடம் இது, பாதி ரூமு சாம்பலா கீது. நீங்களே தலைலேர்ந்து கழுத்து வரைக்கும்தான் கீறீங்க.”

“முகம் தெரியுதில்ல, போதும்.”

சிரித்தார். கால் மட்டும் நிற்கவில்லை.

அவருடைய கார்டை மேசையில் பொருத்தினேன். முதல் சோதனை, பெயர் கேட்பது; நீ எத்தனை ஜிபி என்று கார்டையே கேட்பது. முப்பத்திரண்டு என்றது. இரண்டாவது, நினைவகம் முழுக்க எழுதித் திரும்பப் படிப்பது. ஒரு பிழை இல்லை. மூன்றாவது, வேகம். பெட்டியில் போட்டிருந்ததைவிட ஒரு சதவீதம் கூடவே வந்தது. கடைசியாகச் சங்கத்து வீடியோ. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சங்கத்தில் யாரோ பால்கனியில் நின்று இந்தத் தெருவையே பன்னிரண்டு நிமிடம் படம் பிடித்தார்கள். பூக்காரி வருவாள், மஞ்சள் ஆட்டோ ஒன்று பின்பக்கமாக வரும், நாய் ஒன்று குறுக்கே ஓடும். கார்டு அதை எவ்வளவு துல்லியமாக வரைகிறது என்று மதிப்பெண் போடுவோம். பதினான்கு கடைக்கும் அந்த ஒரே வீடியோதான்.

நூற்றுக்கு நூறு.

“பாஸ் அண்ணே” என்றேன். அவர் கால் நின்றது. நானும் சான்றிதழ்த் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டேன். கார்டைக் கழற்றலாம் என்று மறு கையை நீட்டித் தொட்டேன்.

கார்டு சுடவே இல்லை.

நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் வேலை செய்த கார்டு அது. முப்பத்திரண்டு ஜிபியையும் நிரப்பிக் காலி செய்து மறுபடி நிரப்பியிருந்தால் தோசைக்கல் மாதிரி சுட வேண்டும். வழக்கமாகத் துணி சுற்றித்தான் கழற்றுவேன்; அன்று அவசரத்தில் மறந்திருந்தேன். இதுவோ அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல் இருந்தது. நான் பேனாவை மூடினேன்.

அவர் கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

எதிர்க்கடை விக்டரைக் கூப்பிட்டேன். அவரும் கையெழுத்துப் போடுகிற பதினான்கு பேரில் ஒருவர். எதற்கும் பதறாத மனிதர். வந்து கார்டைத் தொட்டுப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“சூடே ஏறலை. வேலையே செய்யாம நூறு மார்க் வாங்கியிருக்கு.”

“எப்படி விக்டர்?”

“எட்டு வருஷமா பதினாலு பேரும் ஒரே கேள்வித்தாளை வெச்சுப் பரீட்சை நடத்தறோம். இந்தக் கார்டு என்ன மக்குப் பையனா, படிக்காம வர? சோதிக்கிற புரோகிராம் ஓடுதுன்னு தெரிஞ்ச உடனே மனப்பாடம் பண்ணின விடையை ஒப்பிக்குது. பூக்காரி, ஆட்டோ, நாய். கார்டு செஞ்சவன் எல்லாத்தையும் உள்ளேயே வெச்சிருக்கான்.”

“அப்போ உள்ளே முப்பத்திரண்டு இல்லை?”

“எட்டு இருந்தா ஜாஸ்தி.”

“எட்டை வெச்சுக்கிட்டு ஆறு மாசமா எப்படிப் படம் காட்டிச்சு? இவர் வண்டி ஓட்டியிருக்கார் விக்டர். இரவல் கார்டு மாதிரி சாம்பலா தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பாரே.”

விக்டர் குரலைத் தாழ்த்தினார். “சாம்பலா விட்டாத்தான் குட்டு உடைஞ்சிடுமே. அதனால நிரப்பிடும். தினம் பார்க்கிற இடம்னா திரும்பப் பார்க்காது. நேத்து பார்த்ததையே இன்னிக்கும் வரைஞ்சு காட்டிடும். எங்கே என்ன இருக்கும்னு அதுக்கு ஓர் உத்தேசம் இருக்கு. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். நம்ம தெருவுல தினம் என்ன புதுசா வந்துடுது, சொல்லு.”

“புதுசா வந்தா?”

“கவனிக்கலாம். கவனிக்காமலும் போகலாம்.”

“மேடம், நா இங்கதான் கீறேன்” என்றார் மாசிலாமணி.

அவர் இருந்ததை மறந்தே போயிருந்தோம். வெட்கமாக இருந்தது.

“நாலு டெஸ்ட்டும் பாஸுன்னு நீங்கதான சொன்னீங்க” என்றார். “சட்டப்படி நாலுதான? சூடு எதுல வருது?”

விக்டர் என்னைப் பார்த்தார். “அவர் சொல்றது சரிதான் சுந்தரி. விதிப்படி பாஸ். கையெழுத்துப் போட்டாலும் உன்னை யாரும் ஒண்ணும் கேட்க முடியாது.”

“ஒரு மாசம் கொடுங்க மேடம். மெதுவா ஓட்றேன். முப்பதுக்கு மேல போவமாட்டேன். அதுக்குள்ள வேற கார்டு பார்த்துக்கறேன். இப்ப நிறுத்துனா நாளைக்கே வேற வண்டி வெச்சுடுவாங்க. நாலு வருசம் சொவுரைப் பார்த்துக்கினு குந்தினு இருந்தேன் மேடம். சொவுரு கூட தெரியாது.”

மணி பன்னிரண்டே முக்கால். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மனப்பாடம் செய்யாத ஒரு கேள்வி வேண்டும். இந்தக் கார்டு தனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் அதைக் கேட்க வேண்டும்.

“வேன் எங்கே நிக்குது அண்ணே?”

“பின்தெருவுல. நா தினம் போற ரூட்டுதான் அது.”

அவருடைய கார்டைத் திரும்ப அவர் பெட்டியிலேயே மாட்டினேன். “அப்பாடா” என்றார். “இப்பத்தான் நீங்க முழுசா கீறீங்க.”

மூன்று பேரும் படியிறங்கிப் போனோம். அவர் யார் கையையும் பிடிக்காமல் வயர்க்கட்டுகளைத் தாண்டி, டெலிவரி பையன்களுக்கு வழிவிட்டு, சரளமாக நடந்தார். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கே வீண் வம்பு செய்கிறோமோ என்று இருந்தது.

வேன் ஒரு சுவரோரமாக நின்றது. டிரைவர் சீட்டில் அவரை உட்காரச் சொன்னேன். சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினேன். விக்டரிடம் ஒன்றும் பேசவில்லை, சைகைதான். அவர் புரிந்துகொண்டு, ஒரு டீக்கடையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சத்தம் போடாமல் வேனுக்கு முன்னால் வந்து நின்றார். பம்பருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்.

“தினம் ஓட்டற மாதிரி நேரா பாருங்க அண்ணே. முன்னாடி என்ன இருக்கு?”

“ரோடு.”

“ரோட்டுல?”

“காலியாத்தான் கீது. ரைட்ல சொவுரு. தூரத்துல ஒரு டீக்கடை.”

“கிட்டத்துல?”

“கிட்டத்துல ஒண்ணும் இல்ல மேடம்.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இன்னாத்துக்கு கேக்கறீங்க?”

விக்டர் ஆறடி உயரம். கட்டம் போட்ட சட்டை. வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன், மாசிலாமணியைப் பார்த்தேன். இரண்டு கேமராவும் விக்டரின் மார்புக்கு நேராகத்தான் இருந்தன.

“வண்டியை எடுக்கலாமா அண்ணே?”

“தாராளமா.”

விக்டர் வாளியால் பானட்டின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தார். மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது; கேமராக் கண்ணாடி குலுங்கியது, கால் தானாகப் பிரேக்கில் போய் அழுந்தியது.

“ஐயோ! எங்கேர்ந்து வந்தாரு இவரு?”

“அவர் வரலை அண்ணே. அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தார்.”

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். என்னிடம் இல்லை, விண்ட்ஷீல்டிடம் பேசுவதுபோல் சொன்னார்.

“போன மாசம் லெப்ட் சைடுல ஒரு கீறல் மேடம். பின்னாடி குந்தினு இருந்த பாப்பா ஒண்ணு, ‘அங்கிள், எளநி வண்டிய இடிச்சிட்டீங்க’ன்னுச்சு. அங்க எளநி வண்டியே இல்லம்மா, நீ சும்மா இருன்னு அதட்டிட்டேன். எளநிக்காரன் ஓடி வந்து கத்தறான். எங்கேர்ந்தோ குறுக்கால வந்துட்டு நம்ம மேல பழி போடறான்னு அவனாண்ட சண்டை போட்டேன். அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல. அதான் மேடம், பாஸ் ஆயிடும்லன்னு ரெண்டு வாட்டி கேட்டேன்.”

மாடிக்குத் திரும்பினோம். அவரே பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். இரவல் கார்டைப் போட்டுவிட்டேன். பிறகு அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பேசினார். “சார், இன்னிக்கி வண்டி வராது சார். வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க. இல்ல சார், வண்டி நல்லாத்தான் கீது. எனக்குத்தான் கண்ணு சரியில்ல.” வைத்துவிட்டார். கால் ஆடவில்லை. ஆடினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

“போன தபாவும் நீங்கதான மேடம் பார்த்துக் குடுத்தீங்க?” என்றார்.

ஆமாம், நான்தான். படியேறும்போதே அந்த நினைப்புதான் எனக்கு. ஆனால் அதற்கு ஒரு சமாதானமும் கூடவே வைத்திருந்தேன். நான் சோதித்தது நல்ல கார்டு, அப்புறம் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். ரிச்சி தெருவில் நடக்காததா? பீரோவைத் திறந்து ஆறு மாதத்துக்கு முந்தைய கோப்பை எடுத்தேன். வரிசை எண்ணைக் கார்டோடு ஒப்பிட்டேன். ஒவ்வோர் எழுத்தாக இரண்டு தடவை ஒப்பிட்டேன். அதே கார்டுதான்.

சரி, அப்போது எனக்குத் தெரிய வாய்ப்பில்லையே என்று அடுத்த சமாதானத்துக்குப் போனேன். நாலு சோதனையும் பாஸ், கேள்வித்தாள் வெளியானதற்கு நான் என்ன செய்வேன்? தாளில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெயர், முப்பத்திரண்டு. பிழை, இல்லை. வேகம், சரி. வீடியோ, நூறு. அதற்குக் கீழே ஒரு கட்டம். அதற்கு மதிப்பெண் கிடையாது. யாரும் பார்ப்பதும் கிடையாது. சோதனை முடிந்தபோது கார்டின் சூடு எத்தனை டிகிரி என்று குறிக்கிற கட்டம்.

என் கையெழுத்தில் எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தது.

மேசையில் இருந்த கார்டின் மேல் வெப்பமானியை வைத்தேன். நாலு சோதனையையும் மறுபடி ஓட்டினேன். முடிந்தபோது முப்பத்தெட்டு.

கோப்பின் அடுத்த தாளைத் திருப்பினேன். எழுபத்திரண்டு. அதற்கடுத்தது. எழுபத்திரண்டு. அந்த வாரம் ஒரே கடையிலிருந்து மொத்தமாக வந்த கார்டுகள் அவை. நாற்பத்தொன்று. நாற்பத்தொரு தாளிலும் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு.

“எழுவத்திரெண்டுன்னா இன்னா மேடம்?” என்றார் மாசிலாமணி. நான் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நல்ல கார்டு அவ்வளவு சூடாகும் அண்ணே.”

“அப்ப அன்னிக்கு இது சூடாச்சா?”

பத்து வருடமாக முக்கால்வாசிக் கார்டுகள் எழுபத்திரண்டுக்கு ஒன்றிரண்டு முன்பின்னாகத்தான் வரும். முதல் வருடம் ஒவ்வொன்றையும் பார்த்து எழுதினேன். பிறகு எப்போதோ பார்ப்பதை விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்றுகூடத் தெரியவில்லை. நாலு சோதனையும் முடிந்தால் கை தானாக எழுபத்திரண்டு என்று எழுதிவிட்டுக் கையெழுத்துக்குப் போய்விடும். அன்று வெப்பமானியைத் திரும்பிப் பார்த்திருந்தால் முப்பத்தெட்டு என்று காட்டியிருக்கும். நாற்பத்தொரு தடவை காட்டியிருக்கும். அரிசியில் முப்பது கிராம் குறைந்தால் சண்டைக்குப் போகிற நான்.

“பார்க்கலை அண்ணே” என்றேன். “வழக்கமா அதுதான் இருக்கும்னு எழுதிட்டேன்.”

விக்டர் தரையைப் பார்த்தார். அவருடைய கோப்பில் என்ன எண் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது.

மாசிலாமணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம், உரிமை இருக்கிறது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“பொட்டி பண்ணதைத்தான் நீங்களும் பண்ணிகீறீங்க.”

“ஆமா அண்ணே.”

“பொட்டிக்காவது உள்ள இடம் பத்தல.”

எனக்கு அழுகை வந்தது. அழுது அவருடைய ஆறுதலையும் வாங்கிக்கொள்வது அநியாயம் என்று அடக்கிக்கொண்டேன். புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். சூட்டுக் கட்டத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினேன். தகுதியில்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். விதிப்படி பாஸாகிற கார்டை ஃபெயிலாக்கியதற்கு என் லைசென்ஸ் போகலாம். நாற்பத்தொன்றைப் பாஸாக்கியதற்குக் கட்டாயம் போக வேண்டும்.

“இந்த இரவல் கார்டை வெச்சுக்கோங்க அண்ணே. வண்டி ஓட்ட முடியாது. ஆனா நடந்து போகலாம்.”

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். “பாதிக்கு மேல சாம்பல் மேடம்.”

“சாம்பல் இருக்கிற பக்கம் போகாதீங்க. கையால தடவிப் பார்த்துட்டுப் போங்க.”

“அது தெர்யுது. இங்க எனக்கு ஒண்ணும் தெர்லன்னு தெர்யுதே, அது போதும்” என்று எழுந்தார். வாசற்படியில் நின்று காலால் தரையைத் துழாவி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே படியில் தடதடவென்று இறங்கியவர்.

விக்டர் தன் கடைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நான் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் தாளில் இருந்த போன் எண்ணை அழுத்தினேன். பெயர் அமிர்தகௌரி. தொழில் என்ற இடத்தில் கல்யாண மண்டபச் சமையல் என்று இருந்தது. போன் நாலு தடவை அடித்ததும் ஒரு பெண் குரல் கேட்டது. பின்னால் பாத்திரங்கள் இடிபடும் சத்தம், யாரோ எண்ணெய் காய்ந்துவிட்டது என்று கூவுகிறார்கள்.

“அம்மா, நான் சுந்தரி டெஸ்டிங்லேர்ந்து பேசறேன். உங்க கண்பெட்டிக்குச் சான்றிதழ் கொடுத்தவ. இப்போ எங்கே நிக்கறீங்க?”

“அடுப்படியிலதாம்மா. சீக்கிரம் சொல்லுங்க, கை வேலையா இருக்கேன்.”

“ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு முன்னாடி என்ன இருக்கு?”

அந்த அம்மாள் சிரித்தாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற சிரிப்பு.

“என்னம்மா இருக்கும்? வழக்கமா இருக்கறதுதான்.”

“அசையாதீங்க அம்மா” என்றேன். “கையை நீட்டாதீங்க. அப்படியே நில்லுங்க.”